நூறிலிருந்து ஏழேழாக

வாய்க்கால் மேட்டில் பைக் வழுக்கி என் கணவருக்குத் தலையில் அடிபட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் பேச்சு பாதியில் நின்றுபோகும். மோட்டாரை நிறுத்தினோமா என்று திரும்பத் திரும்பத் தோப்புக்குப் போய்ப் பார்ப்பார்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாள வாடையடிக்கும் தமிழில், "நூறில் இருந்து ஏழு ஏழா குறைச்சு சொல்லணும்" என்றார்.

"தொண்ணூத்தி மூணுங்க. எண்பத்தாறு." அப்புறம் என் கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

நான் கணக்கு டீச்சர். எழுபத்தொன்பது என் வாய்வரை வந்துவிட்டது. உதடு அசைந்திருக்க வேண்டும்.

"டீச்சரே, கொஞ்சம் வெளியே இருங்கோ."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே கழித்துப் பார்த்தேன். ஐந்தைந்தாகக் கழித்தால் ஐந்தும் பூஜ்யமும் மாறி மாறி வரும்; யோசிக்காமலே பாடிவிடலாம். ஏழுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அதனால் கடைசி இலக்கம் மூன்று, ஆறு, ஒன்பது, இரண்டு என்று தாவும். பத்து இலக்கங்களையும் தொட்ட பிறகுதான் மறுபடி மூன்றுக்கு வரும். முந்தைய எண்ணை மனதில் பிடித்திருந்தால்தான் அடுத்தது கிடைக்கும். வகுப்பில் நான் ரசித்துச் சொல்லும் விஷயம் அன்று பயமுறுத்தியது. ஐம்பத்தொன்றில் எனக்கே தடம் தப்பியது.

பிறகு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "எழுபத்திரெண்டு வரை வந்தார். சரியாகும், நேரம் எடுக்கும்."

"ஊட்ல தினமும் சொல்லச் சொல்லிப் பழக்கட்டுங்களா?"

"வேண்டாம். மனப்பாடம் ஆயிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

வீட்டில் அந்தக் கணக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் காலை மோட்டார் ரூம் பக்கம் போனபோது அவர் குரல் கேட்டது. "எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு..."

"ஏனுங்க, யாரு உங்களைப் படிக்கச் சொன்னா?"

அவர் முகம் சுருங்கியது. "திரும்பத் தப்பாச் சொல்லிட்டா? நீ வெளிய உக்காந்து பயந்துட்டிருப்பேன்னுதான்."

அவருக்கும் அதே பயம் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "அப்போ நூத்தி ஒண்ணில் இருந்து தொடங்கலாம்."

என் கணவர் என்னை முறைத்தார். மனப்பாடம் செய்தது எதுவும் உதவாது. எண்கள் எல்லாமே புதியவை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"தொண்ணூத்தி நாலு. எண்பத்தேழு." கண்ணை மூடிக்கொண்டார். "எண்பது... எழுபத்தி மூணுங்க. அறுபத்தாறு."

"மதி, மதி, போதும்," என்று டாக்டரம்மா கை காட்டினார்.

மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் கணவர் பசிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் அவர் மூன்று தோசை சாப்பிட்டார். நான் டீ மட்டும் குடித்தேன்.