ஒரு மூலை மீதி

போடியில ஒரு ஏலக்காய்க் கடையில காய் பிரிக்கிற வேலை எனக்கு. பச்சை, வெளுப்பு, வெடிச்ச காய்னு கை தானாப் பிரிச்சுப் போடும். அந்தக் கைதான் அன்னைக்கு என்னைக் கவுத்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில அலமாரி துடைக்கும்போது என் மகளோட கலர் க்யூப், திருகித் திருகி ஒவ்வொரு பக்கமும் ஒரே நெறமாச் சேக்குற சாமான், கீழ விழுந்து, ஒரு மூலைத் துண்டு மட்டும் கழண்டு கட்டிலுக்கடியில ஓடிருச்சு. அவ எட்டாப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்துக் கணக்குக் கண்காட்சியில அந்த க்யூபைச் சேத்துக் காட்டி, எப்படிச் சேருதுன்னு போர்டுல விளக்கணும். ஒரு மாசமா வீட்டுல அதே பேச்சுதான். கை தானாத் துண்டை எடுத்து ஓட்டையில வச்சு அமுக்குச்சு, டக்குன்னு உக்காந்துருச்சு. அப்பாடான்னு அலமாரியில வச்சுட்டேன். நெறமெல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு, எது எந்தப் பக்கம்னு எனக்கென்ன தெரியும்?

மத்தியானம் அவ சேத்துப் பாத்தா. எல்லாம் சேந்துருச்சு, ஒரு மூலை மட்டும் நெறம் பக்கம் மாறிக் கோணிக்கிட்டு நிக்குது. கலைச்சுச் சேத்தா, மறுபடியும் ஒரு மூலை. அஞ்சாறு தடவை அப்படியேதான்.

"எனக்கு எல்லாம் மறந்துருச்சும்மா"ன்னு அழுதா. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நோட்டை எடுத்தா. மூலை நேரா இருந்தா பூஜ்யமாம், ஒரு திருகல் திரும்பியிருந்தா ஒண்ணாம், ரெண்டு திருகல்னா ரெண்டாம். எட்டு மூலையையும் கூட்டினா எப்பவும் மூணால மீதியில்லாம வகுபடுமாம். எந்தப் பக்கம் எத்தனை தடவை திருகினாலும் அது மாறாதாம். ஏன் மாறாதுன்னும் சொன்னா. எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல. வெளையாட்டுச் சாமானுக்குள்ள வகுத்தல் எங்கருந்து வந்துச்சு?

"இதுல ஒண்ணு மீதி நிக்குதும்மா. திருகி இப்படி வரவே வராது. யாரோ கழட்டியிருக்காங்க. நீ தொட்டியா?"

"நானா? நான் ஏன்டி அதத் தொடுறேன்? எனக்கு வேற சோலி இல்லையா?"

வாய் முந்திருச்சு. அவ நோட்டைத் திரும்பப் பாத்தா.

"அப்ப என் கணக்குதான் தப்பு."

பென்சிலால அந்தப் பக்கத்தைக் குறுக்க அடிச்சா. "நாளைக்கு நான் போகலம்மா. டீச்சர்ட்ட காய்ச்சல்னு சொல்லிரு."

அந்தக் கணக்குல ஒரு வரிகூட எனக்குப் புரியாது. ஆனா அது சரின்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். எழுதினவளுக்கே தெரியல. இது என்னடா கூத்து!

"கணக்கை அடிக்காத ஆத்தா. நான்தான் கீழ போட்டுட்டேன். ஒரு துண்டு கழண்டுச்சு, திருப்பி வச்சுட்டேன்."

"திருப்பியா வச்ச?"

"ஆமா. எடுத்ததத் திருப்பி வைக்கணும்ல?"

"அய்யோ அம்மா, திருப்பித்தான் வச்சிருக்க!"

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நான் முழிச்சேன். நான் மறுபடி வச்சதச் சொன்னேன், அவ அது கோணி நிக்கிறதச் சொன்னான்னு ஒறைக்கவே கொஞ்ச நேரமாச்சு. அவ கட்டைவிரலால மூலையை நெம்பி நேராக்கினா. க்யூப் சேந்துருச்சு. "கணக்கு சரிம்மா! என் கணக்கு சரி!"ன்னு குதிச்சா.

ரப்பரை எடுத்து, அடிச்ச கோட்டை அழிக்க உக்காந்தா. பாதியில கை நின்னுச்சு.

"நீ இல்லேன்னு சொன்னதாலதான நான் என் கணக்கையே அடிச்சேன்?"

"ஆமாத்தா."

"இதுக்கு முன்னாடி நீ இல்லேன்னு சொன்னதுல, இன்னும் எதெல்லாம் இப்படி?"

கோவமாக் கேக்கல, கணக்குல சந்தேகம் கேக்குற மாதிரிதான் கேட்டா. சொன்ன பொய்யை எதுலருந்து எண்ணுறது? என் கை தானா ஒவ்வொரு விரலா மடக்க ஆரம்பிச்சுச்சு.