பாடம் முடிந்த பிறகு ஒரு நிமிடம்

கம்பஸில் முதல் வருடம் நான் சேராத சங்கம் இல்லை. இரத்ததானம், மரநடுகை, விவாதம், கடற்கரைத் துப்புரவு, எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கும். வாற சந்தர்ப்பம் ஒன்றையும் விடாதீங்கோ, பிறகு வேலை தேடும்போது உதவும் என்று அறிமுக நாளில் ஒரு விரிவுரையாளர் சொன்னார். நான் போனது அதற்காக இல்லை. ஹொஸ்டல் அறையில் மற்ற மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள். அவர்கள் சிரிக்கிற பகிடிகளுக்குத் தொடக்கம் எனக்குத் தெரியாது. பின்னேரங்களில் அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட எங்கேயாவது போய் மண் கொத்தலாம் என்றிருக்கும். குழுப்படங்கள் எல்லாவற்றிலும் நான் ஓரத்தில்தான் நிற்கிறேன். இரண்டு படங்களில் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது.

அப்படிச் சேர்ந்ததில் ஒன்று, கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துக் குரலில் பதிந்து கொடுப்பது. எனக்குக் கிடைத்தவர் மூன்றாம் வருட அக்கா ஒருவர், கிளிநொச்சிப் பக்கம். புத்தகமும் அவருடைய வட்சப் இலக்கமும் என் கைக்கு வந்த கிழமையே கொரோனா வந்து, கம்பஸைப் பூட்டி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை நான் நேரில் பார்க்கவே இல்லை.

வீடு என்றால் முசலி. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அது சொந்த ஊர், தொண்ணூறில் யுத்தத்தோடு அங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் போனவர்கள். நான் புத்தளத்தில் பிறந்து அங்கேயே படித்து முடித்தவள். அவர்கள் திரும்பி வந்து வீடு கட்டியது நான் கம்பஸுக்குப் போன வருடம்தான். அதனால் எல்லோரும் ஊருக்குப் போக, நான் மட்டும் ஒருத்தரையும் தெரியாத இடத்தில் போய் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சலாம் சொல்வார்கள், அதோடு சரி.

வீட்டில் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறினால் இரண்டு கோடு வரும். காற்று இரைந்து பதிவைக் கெடுக்கும் என்று, சால்வையைத் தலைக்கு மேலால் போர்த்து, போனையும் புத்தகத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு வாசிப்பேன். மாடு சாய்த்துக்கொண்டு போன யாரோ உம்மாவிடம், உங்கட மகள் முக்காட்டுக்குள்ள ஒரு பொடியனோட கதைக்கிறா என்று கோள் மூட்டிவிட்டார்கள். உம்மா சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றிருக்கிறா. உள்ளூராட்சி நிர்வாகம் பற்றி ஒரு முழு அத்தியாயத்தையும் கேட்டுவிட்டு, இதைக் கேக்கிற பொடியன் பாவம் என்று சொல்லிப்போட்டுப் போனா.

அக்கா பதிவைக் கேட்டதும் என் போனில் அந்த மைக் அடையாளம் நீலமாகும். அதைப் பார்க்கவே குளக்கட்டில் குந்திக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என் குரலை அவ்வளவு நேரம் கேட்ட ஆள் வேறு இல்லை. கிடைச்சது தங்கச்சி, நன்றி என்று எழுத்தில் ஒரு வரி வரும். எனக்கு அதுவே காணும்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் அத்தியாயம் முடிந்த பிறகு, வாப்பா எங்கள் வீட்டு வளவில் கிணறு வெட்டத் தொடங்கியிருக்கிறார் என்று ஒரு நிமிடம் சொன்னேன். எங்கள் பக்கம் கடல் கிட்ட. நல்ல தண்ணியும் வரும், உப்பும் வரும், வெட்டி முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து வளவில் உப்பு. அடுத்த நாள் கல் தட்டியதைச் சொன்னேன், அதற்கடுத்த நாள் ஈரமண் வந்ததை. ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகியது. ஹொஸ்டலில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக்கூடச் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது லேசு.

மூன்றாம் கிழமை அவரிடமிருந்து முதல்தடவையாகக் குரலில் ஒரு செய்தி வந்தது.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்கோ. பாடத்தை மட்டும் வாசிச்சு அனுப்புங்கோ. சோதனை கிட்டுது, நான் ரெண்டு மடங்கு வேகத்தில கேட்டுக்கொண்டு போறன். இடையில கதை வந்தா, திரும்பக் கேக்கேக்க பாடத்தைத் தேடிப் பிடிக்க ஏலாமக் கிடக்கு."

எவ்வளவு பணிவான குரல். எனக்கோ முகமெல்லாம் பற்றி எரிந்தது. என் அழுகையையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய சோதனை நேரத்தை நான் தின்றுகொண்டிருந்தேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. ஓம் அக்கா என்று மட்டும் எழுதினேன். மிச்சமிருந்த நாலு அத்தியாயத்தையும் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வாசித்து அனுப்பினேன். கடைசிப் பதிவு போனதும், இனி நீங்களாச்சு உங்கட புத்தகமாச்சு என்று, அந்த உரையாடலையே சத்தம் வராமல் பண்ணி, கண்ணில் படாத இடத்தில் ஒதுக்கிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் கிணற்றில் தண்ணீர் ஊறியது. வாப்பா வாளியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். உம்மாவிடம் வாளியை நீட்டினார். உம்மா குடித்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த மண்குவியலிலேயே இருந்துவிட்டா. நல்ல தண்ணி. நான் போனைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினேன். மேலே ஏறின பிறகுதான், யாருக்குச் சொல்லப் போகிறேன் என்று யோசித்தேன். ஒரு ஆள்தான் இருந்தது. வறட்டுக் கோபம் விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன்.

கம்பஸ் திறக்க மாதக்கணக்கானது. திரும்பிப் போனதும், வாசித்த நேரத்தைக் காட்டினால் சான்றிதழ் தருவோம் என்றார்கள். நேரம் பார்க்க அந்த உரையாடலைத் தேடித் திறந்தேன். என் கடைசி அத்தியாயத்துக்குக் கீழே அக்காவின் குரல் ஒன்று, நான் கேட்காமலே கிடந்தது.

"தங்கச்சி, சோதனை முடிஞ்சுது. இனி அவசரமில்லை, உங்கட கதையை முதல்ல இருந்து ஆறுதலாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். கிணத்தில தண்ணி வந்ததோ? நல்ல தண்ணியோ, உப்போ? அம்மாவும் கேக்கிறா, சொல்லுங்கோ."

அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். படிக்கட்டில் போய் இருந்து, பாடம் ஒன்றும் வாசிக்காமல், கிணற்றின் கதையை முழுக்கச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பதிவின் ஓரத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. அவர் படிப்பு முடித்துப் போய்விட்டார், வேறு இலக்கம் தங்களிடம் இல்லை என்று சங்கத்தில் சொன்னார்கள்.

சான்றிதழ் தந்தார்கள். அந்தப் பதிவில் இன்றைக்கும் அந்த ஒற்றைச் சரிதான்.