வாழைக்குப் போன தண்ணீர்

எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுகிய தெருவின், முடக்கில் ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. சண்டிலிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் தேநீர் குடித்தது அந்தத் தண்ணீரில்தான். சில வருடங்களுக்கு முன்பு, மலசலகூடக் குழிகளின் அழுக்கு ஊறிக் கிணற்றில் கலக்கிறது, குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பௌசர் வண்டியில் வரும் தண்ணீர். அதில் போட்ட தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. மற்றவர்களுக்கு நோய்ப் பயம். எனக்குத் தேநீர்க் கவலை. உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

ஆகவே, ஒழுங்கையின் கழிவுநீரையெல்லாம் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்கலாம் என்று ஒரு பெண் பொறியியலாளர் வந்து சொன்னபோது, எங்கள் வீட்டு வளவின் பள்ளமான மூலையைத் தருகிறேன் என்று உடனே கையைத் தூக்கினேன். முதலில் அழுக்கு அடைய ஒரு தொட்டி. அடுத்து, சல்லிக்கல் நிரப்பிய நீளமான பாத்தி; அதில் பூவுக்கு வளர்க்கும் கல்வாழைச் செடிகள். தண்ணீர் ஒரு பக்கத்தால் புகுந்து, கல்லிலும் வேரிலும் அரிபட்டு, மறுபக்கத்தால் தெளிந்து வரும். என் கணவர் மட்டும் அதற்குக் "கக்கூசுத் தோட்டம்" என்று பெயர் வைத்தார்.

செடிகள் நன்றாகத்தான் தழைத்தன. பிறகு இலை ஓரம் கருகத் தொடங்கியது. நாற்றமும் வந்தது. பொறியியலாளர் வந்து தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"அன்ரி, கக்கூசுத் தண்ணி மட்டும்தான் வருது. சட்டி பானை கழுவுற குசினித் தண்ணியும் குளிக்கிற தண்ணியும் கலந்தால்தான் செடி தாங்கும். அதெல்லாம் எங்கை போகுது?"

"எங்கை போறது? குழாய்க்குள்ளதான்," என்று அடித்துச் சொன்னேன்.

"இப்பிடியே விட்டால் செடி செத்துப்போம். பிறகு கிணத்தை மறக்க வேண்டியதுதான்."

அவர் போனதும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதல் வீட்டில் குசினிக் குழாயின் வாயில் கிழிந்த பழைய சாரத்துண்டு அடைத்திருந்தது. அடுத்த வீட்டில் தேங்காய்ப் பொச்சு. குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் பழையபடி வாய்க்காலில் ஓடி வாழையடியில் நின்றன.

"குலை தள்ளுற நேரம், வாழையைக் காய விடச் சொல்லுறீரோ?" என்று அந்த வீட்டு அக்கா என்னிடமே சண்டைக்கு வந்தார்.

நியாயம் எனக்கும் விளங்காமல் இல்லை. ஆறில்லாத ஊரில் கிணற்றில் அள்ளிய தண்ணீர் இரண்டு வேலையாவது செய்யாமல் மண்ணுக்குள் போகாது. ஆனாலும் கோபம் கோபம்தானே. அதோடு வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தேன். கணவர் மண்வெட்டியோடு நின்றார். எங்கள் குசினித் தண்ணீர் அவருடைய இதரை வாழைகளுக்குள் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ! நிலம் குடுத்த வீட்டிலையே களவோ?"

"உமக்குத் தேத்தண்ணி வேணும். என்ரை வாழைக்கும் ஒரு வாய் இருக்கெல்லோ?"

"அப்ப உங்கடை வாழையைப் பாத்திக்குக் கீழை கொண்டுபோய் வையுங்கோ! தண்ணி முதல் கல்வாழைக்கு, பிறகு உங்கடை வாழைக்கு!"

ஆத்திரத்தில்தான் சொன்னேன். அவரோ யோசித்தார்.

"எல்லா வீட்டுத் தண்ணியும் வருமோ?"

"ஓம், எல்லாற்றையும்."

அந்தப் பின்னேரமே, பாத்தியிலிருந்து தெளிந்த தண்ணீர் வெளிவரும் இடத்தில் தன் வாழைக் குட்டிகளில் நல்லதாகப் பார்த்து நட்டார். செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. நம் தண்ணீரில் அந்தாள் மட்டும் குலை வெட்டுவதா என்று வீட்டுக்கொரு குட்டியோடு எல்லோரும் வந்தார்கள். குட்டி வைத்தவர்கள் தண்ணீர் அனுப்பாமல் இருப்பார்களா? சாரத்துண்டும் பொச்சும் போயின. எந்த வீட்டுக் குழாய் வற்றியிருக்கிறது என்று காவல் காத்தவர், வேறு யார், என் கணவர்தான். கல்வாழை சிவப்புச் சிவப்பாகப் பூத்தது.

மாரிமழை ஓய்ந்த பிறகு கிணற்றை இறைத்து, புதுத் தண்ணீரைப் பரிசோதித்து, இனிக் குடிக்கலாம் என்றார்கள். எல்லோரும் கிணற்றடியில் கூடினோம். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. என் கணவர் அள்ளி, செம்பை அண்ணாந்து பாதி குடித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம்.

"தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பிலை வையும்," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ செம்பைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போய், மிச்சத்தைப் பாத்தியடி வாழை ஒன்றுக்கு ஊற்றினார்.

"ஐயோ, அது நல்ல தண்ணியப்பா!"

"இவ்வளவு நாளும் எங்கடை ஊத்தையைக் குடிச்சுது. ஒரு வாய் நல்லதும் குடிக்கட்டுமன்."