அண்ணன் அச்சிட்ட காலி வீடுகள்

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு, உறவினர்கள் அனைவரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அண்ணன் உழவர்கரையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வைத்திக்குப்பத்துப் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதப் போனார். பின்பு துணியில் அச்சுப் பதிக்கக் கற்றுக்கொண்டு, நகரத்து விடுதிகளுக்குத் திரைச்சீலைகள் செய்துகொடுத்தார். என் கல்யாணம் அவர் உழைப்பில்தான் நடந்தது. கோபமே வராது, ஆனால் யார் சொல்லியும் கேட்கமாட்டார். அந்த ஒரு குணத்துக்காக நான் அவரைத் திட்டாத நாளில்லை.

ஒரு கைவினைக் கண்காட்சிக்கு ஒடிசாவிலிருந்து சவரா பழங்குடி ஓவியர் ஒருவர் வந்திருந்தார். செம்மண் பூசிய பலகையில் அரிசி மாவால் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் மனிதர்களையும் குதிரைகளையும் வரைந்தார். அண்ணன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உடனிருந்தேன். இந்தி தெரிந்த பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்கு விளக்கினார்.

"இது படம் இல்லியாம், வீடாம். செத்தவங்க பேரச் சொல்லிக் கூப்புட்டா இதுல வந்து குடியிருப்பாங்களாம். காலியா மட்டும் போடக்கூடாதாம். வேற யாராவது வந்துடுவாங்களாம்."

அண்ணன் சிரித்தார். "நமக்கு பார்டர் போதும்பா" என்றார்.

அந்தச் சதுரத்தின் ஓரத்தை மட்டும் அச்சாக வெட்டினார். உள்ளே ஆட்கள் இருந்தால் கூட்டமாகத் தெரிகிறது என்று விடுதிக்காரர்கள் சொன்னதால் நடுவை வெறுமையாக விட்டார். ஒரு திரைக்கு ஒரு பெரிய சதுரம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நம் உறவில் எந்த விசேஷமானாலும் அந்தத் திரையைத்தான் பரிசாகக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டே அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் கட்டிலுக்கு எதிரே, ஜன்னலில் அவர் தந்த திரை தொங்கியது.

"பாப்பா, நடுவுல யாரோ உக்காந்துருக்காங்க பாரு."

"வெயிலு பட்டா அப்படித்தாண்ணா தெரியும். கம்முனு படு."

எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்தத் திரைக்கு முதுகு காட்டி உட்கார எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவில்லை. ஒரு நாள் திரையைக் கழற்றப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாத. அப்புறம் அவங்க வீட்டுக்குள்ள சுத்துவாங்க. நான் போனப்புறம் இதுக்கு முன்னாடி நின்னு எம் பேரச் சொல்லிக் கூப்புடு. நானே வந்து உக்காந்துக்கறேன். புள்ளைங்க கிட்ட யாரையும் வர உடமாட்டேன்."

காரியம் முடிந்த அன்று அழுதுகொண்டே கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்குப் பயம் இல்லை.

அண்ணனை முகம் கோணாமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற வைத்திக்குப்பத்து நண்பர்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி, சொல்ல வேண்டியது. அண்ணன் கொடுத்த திரை உங்கள் வீட்டிலும் தொங்குகிறது. அதைக் கழற்றாதீர்கள். உங்கள் வீட்டில் காலமானவர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதில் உட்காரவையுங்கள். தாமதிக்க வேண்டாம். அண்ணனை மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் எழுந்து உங்களிடம் வந்துவிட்டால் இங்கே என் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. அதனால்தான் இந்த மலரில் எந்தப் பக்கத்திலும் அவர் பெயரை அச்சிட நான் விடவில்லை.