தொட்டியில் மிதந்த மீன் செதில்கள்

திருவொற்றியூரில் நானும் படகு இன்ஜின் பார்க்கும் மணி அண்ணனும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். நான் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். பாகங்களைக் கழுவ, அதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி ஒன்று எங்களுக்குப் பொதுவாக இருக்கிறது. தண்ணீரைச் சூடாக்கவும் செய்யும்.

போன மாதம் ஒரு காலை அதன் மூடியைத் திறந்தேன். கறுப்புத் தண்ணீரில் மீன் செதில்கள் மிதந்தன. அழுகிய இறால் நாற்றம் வேறு. அவசர வேலை என்பதால் அப்படியே ஸ்விட்சைப் போட்டுவிடலாமா என்று கை போனது. அருவருப்பு விடவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குவளை மொண்டேன். கையில் பட்ட தண்ணீர் ஜில்லென்று ஆவியானது. மோந்து பார்த்தால் பெட்ரோல்!

"அண்ணே, இதுல இன்னா ஊத்தி வெச்சிக்கீறே?"

"பெட்ரோலும்மா. கிரீஸ் சீக்கிரம் போவும்ல?"

"சூடாவுற மெஷின்ல பெட்ரோலா? ஸ்விட்ச போட்டிருந்தா நான் எரிஞ்சே பூட்டிருப்பேன்!"

"அதான் ஒண்ணும் ஆவலியே" என்றவர், வெறுங்கையை அந்தச் சாக்கடைக்குள் விட்டுத் துழாவி, தன் போல்ட்டை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் தண்ணீரும் அதற்கென்று விற்கும் சோப்புத் திரவமும் மட்டும்தான். பிளக் ஒயரைக் கழற்றி என் பெட்டியில் பூட்டி வைக்கிறேன். அண்ணன் கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று நானே பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன்.