முன்சக்கரத்துச் சந்தனம்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மேம்பாலச் சரிவின் அடிப்பகுதியில் என் மிதிவண்டி நிற்க மறுத்தது. இரு கைகளாலும் பிரேக்கை இறுகப் பிடித்திருந்தேன். ரப்பர்க் கட்டைகள் சக்கர விளிம்பின் ஈரத்தை வழித்தெறிந்தனவே தவிர, வேகம் குறையவில்லை. எதிரே தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் வந்துகொண்டிருந்தார். வண்டியைப் புல்தரைப் பக்கம் திருப்பி, அங்கேயே விழுந்தேன். அந்தத் தாய் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

வண்டியில் பழுதில்லை, பழுது என் விரல்களில் இருந்தது. மூட்டுவாதம் கண்ட பின்னர் குழாயைத் திருகி மூடுவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. உலர்ந்த நாள்களில் எப்படியோ ஒப்பேற்றிவந்த அந்தப் பிடி, ஈரத்தில் போதவில்லை.

சிங்கப்பூரின் மறுகோடியில், தஞ்சோங் பகாரில் வசிக்கும் என் மகள், முழங்கையில் இருந்த காயத்தைக் கண்டதும் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சைக்கிள் வேணாம். ப்ராமிஸ் பண்ணுங்க."

வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதன் பொருள் உறைத்தது.

நான் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவி மறைந்தபின் சுவா சூ காங்கில் தனியே வாழ்கிறேன். வார நாள்களில் நான் வாய்விட்டுப் பேசும் சொற்கள் பெரும்பாலும், காப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி கேட்கும் "கோப்பி ஓ கொசோங்" என்பவையே. அவற்றில் ஒன்றுகூடத் தமிழன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய ரயில் தடத்தின் பசும்பாதை வழியாகத் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு மிதித்துச் செல்வேன். உணவகத்தில் பரிமாறுபவர், காய்கறிக்காரர், பூக்கடை அம்மையார் என அங்கே என்னோடு பேசுவதற்குச் சிலர் உண்டு. ரயிலில் போகலாமே என்று மகள் கேட்பாள். ரயிலில் போனால் விரைவாகச் சென்று விரைவாகத் திரும்பிவிடுவேன். எஞ்சிய பகலை என்ன செய்வது என்று அவளிடம் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஆகவே பிரேக்கை மாற்றுவதென முடிவு செய்தேன். விளிம்பைக் கவ்வும் பழைய முறையை விடுத்து, சக்கரத்தின் நடுவே எஃகுத் தட்டொன்றைப் பொருத்தி அதைக் கவ்வச்செய்யும் டிஸ்க் பிரேக். எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதாயின் ஒரே விரலால் நிறுத்திவிடலாம் என்று படித்திருந்தேன். இதற்கு "வட்டத்தட்டு நிறுத்தி" என்றொரு பெயரையும் ஆக்கிவைத்திருந்தேன். ஆனால் எங்கள் வட்டாரக் கடைக்காரரிடம் அதைச் சொல்லும் துணிவு வரவில்லை. அவர் நாற்பதைக் கடந்த, வாய் ஓயாத தமிழர்.

வண்டியை ஒருமுறை சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார். "அங்கிள், இந்த ஃபிரேம்ல டிஸ்க் மாட்டுறதுக்கு இடமே இல்லலா. பேசாம புதுசு வாங்கிடுங்க."

"புதிது வேண்டாம். முன்சக்கரத்துக்கு மட்டுமாவது இயலுமா?"

"இயலும், இயலும்!" என்று சிரித்தார். "நீங்க பேசுனாலே டிவில எட்டரை மணி நியூஸ் கேக்கற மாதிரி இருக்கு. முன்னாடி மட்டும் போடலாம். ஆனா ஃபோர்க் மாத்தணும், வீல் மாத்தணும், லீவர் மாத்தணும். மாறாம இருக்கப்போறது நீங்க மட்டுந்தான் அங்கிள்."

"அப்படியே செய்யுங்கள்."

"இது லேடீஸ் வண்டி வேற. இதுக்குப் போயி இவ்வளவு செலவா?"

அது என் மனைவியின் வண்டி. குறுக்குச் சட்டம் தாழ்ந்திருப்பதால் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம் என்ற காரணத்தை மட்டும் அவரிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

வேலை முடிந்த அன்று, முன்சக்கரத்தின் நடுவே துளைகள் நிறைந்த ஒரு வெள்ளித் தட்டு மின்னியது. கடைக்காரர் விரலை உயர்த்தி எச்சரித்தார். "அந்தத் தட்டைக் கையால தொடாதீங்க. எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் பேடு உறிஞ்சிக்கும், அப்புறம் பிடிக்காது. சமைச்ச கையோட கூடக் கிட்ட போவாதீங்க."

"நான் சமைப்பதில்லை."

"அப்ப சாப்பிட்ட கையோட போவாதீங்க!"

பேடு என்று அவர் சொன்ன புதிய கட்டைகள் தட்டோடு இணங்குவதற்கு அவற்றைப் பழக்க வேண்டுமாம். வேகமெடுத்து, மெல்லப் பிடித்து, முற்றிலும் நிற்பதற்கு முன் விட்டுவிட்டு, மீண்டும் வேகமெடுக்க வேண்டும். அன்று மாலை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கை அடுத்த பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு வண்டியைக் கொண்டுசென்றேன். அத்தளத்தில் பெரும்பாலும் கார்கள் நிற்பதில்லை. வெறுமையான வெள்ளைக் கோடுகளின் நடுவே மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். எதிரே வருபவர் எவருமில்லை. எவருக்காகவும் நிறுத்தவேண்டிய தேவையும் இல்லை. இல்லாத ஒருவருக்கு மீண்டும் மீண்டும் வழிவிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்புளோக்கில் துணி உலர்த்திய பெண்ணொருத்தி, துணி தொங்கும் கழியைக் கையில் பிடித்தவாறே நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பொழுது சாயும் தறுவாயில் பிரேக் பிடிபட்டது. ஒரே விரலால் அழுத்தினேன்; வண்டி ஓசையின்றி நின்றது. உரக்கச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. தேக்காவில் ஓய்வுநாள் கூட்டம் நடைபாதையை நிறைத்திருந்தது. பூக்கடை அம்மையார் அகல் விளக்குகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் ஒரு முழம் மல்லிகை கேட்டேன். அவருடைய பார்வை என் முன்சக்கரத்தின்மேல் விழுந்தது.

"என்னய்யா இது, சக்கரத்துல தட்டு மாட்டியிருக்கீங்க? பூசை போட்டாச்சா?"

"இல்லை அம்மா."

"புதுச் சாமான் மாட்டி, பூசை போடாமலா இம்புட்டுத் தூரம் ஓட்டியாந்தீங்க? நல்ல ஆளுய்யா நீங்க!"

நான் மறுமொழி கூறுமுன் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார். கைப்பிடியின் நடுவே ஒரு பொட்டு. பிறகு முழங்காலை மடக்கித் தரையில் அமர்ந்தார். வண்டியிலேயே மிகப் பளபளப்பான இடம் அந்தத் தட்டுத்தான். அதையே அதன் முகமென்று எண்ணினார் போலும். எண்ணெய் மினுங்கும் விரலைச் சந்தனத்தில் தோய்த்து அதில் அழுந்த ஒரு பொட்டிட்டார். அதன்மேல் குங்குமம். சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி எதிர்ப்புறமும் ஒன்று.

கடைக்காரரின் எச்சரிக்கை எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. "வேண்டாம்" என்று சொல்ல அவகாசமும் இருந்தது. ஆயினும் சொல்லவில்லை. என் பொருட்டு ஒருவர் தரையில் அமர்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருடைய உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுந்தவர் ஓர் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் கீழே வைத்தார். "ஏத்துங்கய்யா."

ஏற்றினேன். பழம் நசுங்காமல் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. அருகே நின்றிருந்த இளைஞர் கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ஐயா, இதுக்கு லாரி வேணும்!"

"பழத்துக்கே பயமில்லாமப் போச்சே!"

அம்மையாரும் சிரித்துவிட்டார். இரண்டாம் முறை ஒருவர் பழத்தைக் காலால் அணைத்துப் பிடிக்க, நான் எம்பி எம்பி மிதிக்க, அது பொசுக்கென்று பிதுங்கியது. கைதட்டினார்கள். "நல்லாயிருங்கய்யா" என்றார் அம்மையார். அன்று உணவகத்தில் தோசை அத்தனை சுவையாக இருந்ததற்கு வேறு காரணமில்லை.

புறப்படுமுன் ஒரு சந்தில் நின்று கைக்குட்டையால் தட்டைத் துடைத்தேன். பொட்டு போயிற்று, எண்ணெய் எங்கும் பரவிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

திரும்பும் வழியில் புக்கித் தீமாவைக் கடந்ததும் மழை பிடித்தது. பசும்பாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் ஒரே விரலால் அழுத்தினேன். வண்டி அலறியது. பிரேக்கின் ஓசை என்று அதைச் சொல்ல முடியாது. அடிபட்ட விலங்கின் ஓலம் அது. இரு கைகளாலும் அழுத்தினேன். ஓலம் கூடியதேயன்றி வேகம் தணியவில்லை. சரிவில் நடந்துகொண்டிருந்த அனைவரும் திரும்பி, இருபுறமும் ஒதுங்கினர். செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, கம்பித் தடுப்பில் தோள் இடிக்க, ஒருவாறு நின்றேன். குடை பிடித்த சீனர் ஒருவர் ஓடிவந்து, "அங்கிள், ஓகே ஆ?" என்று தம் குடையை என்மீது சாய்த்தார். தலையசைத்தேன். எஞ்சிய தொலைவு முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அன்றிரவு மகள் அழைத்தாள்.

"புது பிரேக் எப்படிப்பா?"

"பிடிக்கவில்லை."

"விழுந்தீங்களா?"

"விழவில்லை."

"அப்பா!"

"விழவில்லை என்றுதானே சொல்கிறேன்." நடந்ததைச் சொன்னேன்.

"எண்ணெய் படக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் வைக்க விட்டீங்க?"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.  பிறகு அவள் குரல் மாறியிருந்தது. "சரிப்பா. பேடு மாத்திக்கோங்க. அடுத்த வாரம் அந்த அம்மாகிட்ட நேரா சொல்லுங்க, இதுல வைக்காதீங்கன்னு. சொல்லிட்டீங்கன்னா ஓட்டுங்க. சொல்ல முடியாதுன்னா சைக்கிள் வேணாம்பா, ப்ளீஸ்."

நியாயமான பேச்சுத்தான். எதிர்த்துரைக்க ஒன்றுமில்லை.

கடைக்காரர் தட்டின் துளைகளில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "யாரு அங்கிள் டிஸ்க்குக்குப் பொட்டு வச்சது? சாமி உங்களைக் காப்பாத்தும், பிரேக் பேடைக் காப்பாத்தாதுலா!" கட்டைகளை மாற்றி, தட்டை ஸ்பிரிட் கொண்டு கழுவித் தந்தார். மீண்டும் மேல்தளம், மீண்டும் மிதிப்பதும் பிடிப்பதும் விடுவதும். இம்முறை எதிர்ப்புளோக்கில் யாருமில்லை.

அந்த வாரம் முழுவதும் ஒரு வாக்கியத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அன்பாகச் செய்த ஒன்றை, செய்தவர் மனம் நோகாதவாறு மறுக்க வேண்டும். அடுத்த ஞாயிறுகளில் அவர் என்னோடு பேசுவதும் குறையக்கூடாது. எத்தனையோ ஆவணங்களை மொழிபெயர்த்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் அமையவில்லை. காப்பிக் கடையிலும் உதடு அசைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று பூக்கடையில் நெரிசல். என் முறை வந்ததும் அமைத்ததையெல்லாம் மறந்து, "அம்மா, சென்ற வாரம் இந்தத் தட்டில் சந்தனம் இட்டீர்கள் அல்லவா? இனி இதில் மட்டும் வேண்டாம். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிப்பதில்லை" என்றேன்.

அவர் கை பூவை அளந்துகொண்டே இருந்தது. "நானாய்யா வச்சேன்?"

"ஆம். எலுமிச்சம்பழம்கூட வைத்தீர்களே."

"ஞாயித்துக்கிழமையில எத்தனை வண்டிக்கு வைக்கிறேன், எதைன்னு ஞாபகம் வச்சுக்க?" என்று சிரித்தார். "அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? சரி, இனிமே வைக்கலை. ஒரு முழமா, ரெண்டா?"

"ஒன்று போதும்."

அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற பெண் அர்ச்சனைத் தட்டு கேட்டாள். அவர் அவளிடம் திரும்பினார்.

மழை அன்றும் வந்தது. அதே சரிவின் உச்சியில் சற்றுத் தயங்கிவிட்டு வண்டியை இறங்கவிட்டேன். வேகம் ஏறியது. கீழே ஒரு குடும்பம் பாதையை அடைத்துக்கொண்டு, ஒரு குடையின் கீழ் நால்வராக நடந்துகொண்டிருந்தது. சுட்டுவிரலால் மெல்ல அழுத்தினேன். அவர்களுக்குப் பின்னே, கை நீட்டினால் தொடும் தொலைவில், வண்டி ஓசையின்றி நின்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மழை இரைச்சலில் எந்த மொழியென்றும் விளங்கவில்லை. இன்னும் சிறிது நேரம் அவர்கள் நடைக்கு ஈடாகவே பின்னால் உருட்டிச் சென்றேன். பிறகு மணியடித்தேன். வழிவிட்டார்கள். கடந்து சென்றேன்.