செந்தட்டிக்குக் கைதட்டியவர்கள்

ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் செடி வளர்க்கும் எங்கள் தோட்டக் காலனியில் தெக்லாவைப் பற்றிக் கேட்டால், "களை பிடுங்காம கவிதை படிக்கிற பொம்பளையா?" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலமெல்லாம் காலுறை ஆலையில் நின்றே உழைத்தவள், ஓய்வுபெற்ற பிறகு கையகலத் தோட்டத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்தால் யார் குடி முழுகிவிடும்?

டிராம் நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன புத்தகம் அது. அட்டை கிழிந்த கவிதைத் தொகுப்பு. உறைபனி, காட்டுக் காளான், மண்ணுக்குள் வாழும் எலி, இப்படித்தான் கவிதைகள். தெக்லா பண்டிதை இல்லை. ரொட்டியும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் கடித்துக்கொண்டே படிப்பாள். பிடித்துவிட்டால் வேலிக்கு இந்தப் பக்கம் தக்காளி பறிக்கும் எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"அர்த்தம் யாருக்குடி வேணும் இர்மினா? கேக்க நல்லாருக்கா இல்லையா?"

நன்றாகத்தான் இருந்தது.

அதில் செந்தட்டியைப் பற்றியும் ஒரு கவிதை. தொட்டால் அரிக்கிறதென்று ஊரே திட்டும் செடி, கறுப்புக் கம்பளிப்புழுக்களைத் தன் மடியில் வைத்து வளர்க்கிறது என்று வரும். அதைப் படித்தபின் தெக்லா கொட்டகைக்குப் பின்னால் முளைத்த செந்தட்டியைப் பிடுங்கவில்லை. புழுக்கள் நிஜமாகவே வந்தன. அவள் அங்கேயே பழிகிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலனிச் சங்கத் தலைவர் ரொமுவால்ட் சோதனைக்கு வந்தார். களை வளர்த்தால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் தோட்டமே பறிபோய்விடும். அதுதான் எங்கள் விதி.

"தெக்லாம்மா, இது தோட்டமா புதரா? நாளைக்கே வெட்டிடுங்க."

"புழு வளர்ந்து பட்டாம்பூச்சியாப் போகட்டும் தலைவரே. அப்புறம் நானே வெட்டிடறேன்."

தலைவர் யோசித்தார். கோடை விழாவுக்கு வரவேண்டிய பாட்டுக் குழு கைவிரித்திருந்த நேரம் அது. "சரி, விழாவுல ஒரு கவிதை படிங்க. புழு போற வரைக்கும் நான் இந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்."

மேடை என்றாலே காத தூரம் ஓடுபவள் அவள். புழுக்களுக்காக ஒத்துக்கொண்டாள்.

செந்தட்டிக் கவிதையைத்தான் படித்தாள். அடுப்பில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிசுப் பை ஒன்றை நீட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே களைக்கொல்லி மருந்து! வெட்கமே இல்லையா இந்த மனிதருக்கு?

திரும்பி வந்தோம். கொட்டகைக்குப் பின்னால் தரை மொட்டையாகக் கிடந்தது. விழாவோடு சேர்த்து நடக்கும் அழகுத் தோட்டப் போட்டிக்கு வந்த நடுவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, அவள் மேடையில் நின்ற நேரம் பார்த்துத் தலைவர் ஆள் விட்டு வெட்டியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்டிப்போட்ட தழைக்குள் புழுக்கள் நெளிந்தன.

"அழாதக்கா."

"யாரு அழுதா? கிண்ணத்தைக் கொண்டா."

பொறுக்கி எடுத்தோம். இனி இவற்றுக்குத் தீனி? காலனியில் இன்னும் ஒரே இடத்தில்தான் செந்தட்டி இருந்தது. தலைவர் தோட்டத்துக் கழிப்பறைக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்துக்கு! ஊருக்குத்தானே உபதேசம். சோதிக்கிறவர் தோட்டத்தை யார் சோதிப்பது?

தலைவர் தன் தோட்டத்தில் நடுவர்களுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். தெக்லா யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ச் செந்தட்டி இலைகளில் புழுக்களை விட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றீங்க?" என்று ஓடிவந்தார் தலைவர். பின்னாலேயே நடுவர்களும் வந்து அந்தப் புதரைப் பார்த்தார்கள்.

"கவிதையில கேட்டு அழுதீங்களே, அதே புழுதான் தலைவரே. வெட்டணும்னா சொல்லுங்க. விதிப்படி முதல் எச்சரிக்கையை யார் பேருக்கு எழுதறது?"

தலைவர் நடுவர்களைப் பார்த்தார். பல்லை இளித்தார். "வெட்டறதாவது! இயற்கைதானேம்மா... நானே வேணும்னுதான் விட்டு வச்சிருக்கேன்."

"அப்ப தினமும் வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லி, கேக் மேசையருகே இருந்த அவருடைய நாற்காலியை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தாள் தெக்லா.